ஸ்டோர் ரூம்

"ஒண்ணா, ரெண்டா?"

ஒரு பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே மனுஷி, ஸ்டேஷனைப் பெருக்கிக் கழுவுகிற அந்த அக்காதான். காதோடு காதாகக் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல விரலைக் காட்டிக் கேட்கலாம். அக்காவுக்கு அதெல்லாம் வராது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, நாம் எந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாலும் எட்டுகிற குரலில் கேட்பார். நாம் பதில் சொல்லாமல் எழுந்து அவர் பக்கமாக வேகமாக நடப்போம். ஏதோ வியர்த்துவிட்ட மாதிரி முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே போவோம். கிட்டப் போனதும் ஒற்றை விரலைத் தாழ்வாகக் காட்டுவோம்.

"ஏன், வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்பார்.

அவர்மேல் எனக்கு இருந்தது பாசமா எரிச்சலா என்று கேட்டால், காலையில் எரிச்சல், ரயில் ஏறிய பிறகு பாசம் என்றுதான் சொல்லவேண்டும்.

கடலூரை ஒட்டிய சின்ன ஸ்டேஷன் அது. பேர் வேண்டாம். இந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களில் எதை எடுத்தாலும் கதை இதேதான். மீட்டர் கேஜ் காலத்தில் ஓடு போட்ட கட்டடம், ஒரு வேப்பமரம், கைப்பம்பு. சின்ன வயதில் அப்பாவோடு சிதம்பரத்துக்கு ஆருத்ரா தரிசனம் பார்க்கப் போனபோது அந்தக் கைப்பம்பில் தண்ணீர் குடித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று வண்டியையே நிறுத்திவிட்டார்கள். வருஷக்கணக்கில் பிளாட்பாரத்தில் ஆடுதான் மேய்ந்தது. ஒரு வழியாகப் பாதை வந்தபோது ஓட்டுக் கட்டடம் போய், காங்கிரீட் போட்ட ஒட்டுக் கட்டடம் வந்தது. ஒரு டிக்கெட் கவுண்டர், சிமெண்டு பெஞ்சுகள், தண்ணீர் வராத நாலு குழாய், கடைசியில் இரண்டு கழிப்பறை. வேப்பமரம் மட்டும் தப்பித்தது.

என் ஊர் அண்ணாகிராமம் பக்கம். காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூர் வந்து, அந்த ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்து, சிதம்பரம் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. ஊசி போடுகிற வேலை இல்லை. பேர் எழுதி, சின்னச் சின்ன பாட்டிலைக் கொடுத்து, "உள்ள போய் புடிச்சிக்கினு வாங்க" என்று சொல்லி, வாங்கி, லேபிள் ஒட்டி வைக்கிற வேலை. நாள் முழுக்க ஊர்க்காரர்களின் மூத்திரத்தை மரியாதையாக வாங்கி வைக்கிறவளுக்கு, வழியில் தனக்கு ஒதுங்க இடமில்லை. இதைச் சொன்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எனக்குச் சர்க்கரை. இளம் வயதிலேயே வந்துவிட்டது. சர்க்கரைக்காரிக்கு மணிக்கொரு தரம் போகவேண்டும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ரயில் பெட்டியில் கழிப்பறை உண்டு. ஆனால் ஆபீஸ் நேரத்தில் அதன் வாசலை அடைத்துக்கொண்டு ஆம்பளைகள் நிற்பார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போவதைவிட அடக்கிக்கொண்டு சாவதே மேல் என்று தோன்றும். பஸ் என்றால் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு முந்திரி சீசனில்தான் வேலை. மகள் காலேஜ். அதனால் அந்த வேலையை விட முடியாது. வேலைக்குப் போக வேண்டுமானால் ரயிலில் போக வேண்டும். ரயிலில் போக வேண்டுமானால் அந்த ஸ்டேஷனில் ஒதுங்க ஒரு இடம் வேண்டும். என் பிழைப்பு ஒரு கழிப்பறைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்தக் கதவே தெரியாது. 'ஆண்கள்' என்று எழுதிய கதவு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். அதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, மூக்கே காட்டிக் கொடுக்கும். பக்கத்துக் கதவில் பெரிய பூட்டு. அதன்மேல் நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் 'ஸ்டோர் ரூம்'. பெண்களுக்கு ஒன்றும் கட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஆச்சரியம்கூட வரவில்லை.

ஒருநாள் எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழிவிட எங்கள் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டார்கள். வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். காலை மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு, கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணையை அக்கா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நேரே வந்தார். ஒல்லியான உடம்பு. முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய நைலக்ஸ் சேலை, அதன்மேல் ஆம்பளைச் சட்டை. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு; அதில் மாதா படம் போட்ட சின்ன வில்லையும் ஒரு சாவியும் சேர்ந்து தொங்கின.

கேள்வியைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத ஒருத்தியை நாலு பேருக்கு முன்னால் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கோபித்துக்கொள்ள நேரமில்லை. பின்னாலேயே போனேன். 'ஸ்டோர் ரூம்' பூட்டைத் திறந்தார். நான் நுழையப் போனபோது கையை நீட்டி மறித்தார். "இரு பாப்பா, தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று உள்ளே போய்ச் சாவகாசமாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்துவிட்டு வந்த பிறகுதான் என்னை விட்டார். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளே பார்த்தால் நம்ப முடியவில்லை. நீல டிரம்மில் விளிம்புவரை தண்ணீர். கொடிக்கயிற்றில் கட்டிய மக்கு. பினாயில் வாசனை. தாழ்ப்பாள் போட்டால் விழுந்தது. எல்லாவற்றையும்விட, கதவின் பின்பக்கம் ஆள் உயரத்தில் ஒரு ஆணி. பை மாட்டுவதற்கு. பெண்களுக்கான கழிப்பறையைக் கட்டுகிற யாருக்கும் இந்த ஓர் ஆணி தோன்றுவதில்லை. கைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அக்காவை எனக்குப் பிடித்துப்போனது அந்த ஆணியால்தான்.

வெளியே வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் தண்ணீர் ஊற்றியது போதாது என்று இன்னொரு தரம் ஊற்றினார். பூட்டினார். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பேர் என்னக்கா என்று கேட்டேன். "பேர வச்சி என்னா பண்ணப் போற? சாவிதான வேணும்?" என்றார். கடைசிவரை பேர் தெரியாமலே போயிற்று. சீசன் டிக்கெட் பெண்கள் எல்லோருக்கும் அவர் வெறும் அக்காதான்.

சாவியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். குடும்மா, நானே திறந்துக்கறேன் என்று ஒரு பேங்க் அம்மா ஒருதரம் கேட்டார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்க பேங்க் சாவிய எங்கிட்ட குடுப்பிங்களா என்று கேட்டார்.

ஸ்டோர் ரூம் எப்படி வந்தது என்பதை அவரே ஒருநாள் சொன்னார். கட்டிய புதிதில் அந்தக் கதவிலும் 'பெண்கள்' என்றுதான் எழுதியிருந்ததாம். திறந்தே கிடந்ததாம். முதல் வாரம் குழாயைக் காணோம். அடுத்த வாரம் மக்கு. ராத்திரி குடித்துவிட்டு வந்தவர்கள் உள்ளேயே படுத்துக்கொண்டார்கள். காலையில் சுத்தம் செய்யப் போனால் வாந்தி வருமாம். பூட்டு போட்டுப் பார்த்திருக்கிறார். 'பெண்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, பூட்டுவதற்கு நீ யார் என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். பூட்டை உடைத்தும் விட்டார்கள். அந்தச் சமயத்தில் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று ஸ்டேஷனுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அக்கா பெயிண்டரிடம் போய், அந்தக் கதவில் ஸ்டோர் ரூம் என்று எழுது என்றார். அது கக்கூஸ்தானே என்று அவன் கேட்டானாம்.

"எழுதுய்யா. ஸ்டோர் ரூம்னா எவனும் தொட மாட்டான். கவுருமெண்டு சாமானுன்னு பயப்படுவான். பொம்பளைங்கன்னு எழுதுனா எவனுக்காச்சும் பயம் இருக்குதா?"

டீ வாங்கிக் கொடுத்து எழுத வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பூட்டைத் தொடவில்லை. சீசன் பெண்களுக்குள் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. "ஸ்டோருக்குப் போயிட்டு வரேன், பைய பாத்துக்கோ" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் ஆம்பளைகளுக்கு ஒன்றும் புரியாது. ரேஷன் கடை பக்கத்தில் இருக்கிறதாக்கும் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பேச்சு என் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் என் மகள் என் காதில், "அம்மா, இங்க ஸ்டோர் ரூம் எங்க?" என்பாள்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்கு யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்று ஒரு கணக்கு இருந்தது. எங்களைப்போலத் தினமும் வருகிறவர்களை விடுவார். கைக்குழந்தைக்காரியை விடுவார். வழியில் இறங்கிய வெளியூர்க்காரி யாராவது வந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டால், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு "இங்க இல்ல" என்பார். துறைமுகப் பக்கத்திலிருந்து மீன்கூடையோடு வருகிற ஒரு அம்மா தினமும் எங்கள் வண்டியில்தான் போவாள். என்னைவிட வயதானவள். அவளை ஒருநாளும் விட்டதில்லை. அவள் வேப்பமரத்துக்குப் பின்னால், தண்டவாளச் சரிவில் இறங்கிப் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம், பார்க்காதது மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அவ கூடைய கழுவுவா. டிரம்முத் தண்ணிய காலி பண்ணுவா. தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒனக்குத் தெரியுமா? ரோட்டுக் கொழாய்லேருந்து நான் தூக்கிக்கினு வரேன். இவள வுட்டா நாளைக்கி கூடைக்காரிங்க எல்லாரும் வருவாளுங்க. அப்புறம் நீயே மூக்கப் புடிச்சிக்கினு வேற எடம் பாப்ப."

சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்று நான் உள்ளே போனபோது டிரம்மைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எத்தனை பேரை வெளியே நிறுத்தி இது சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஊற்றாமல் வந்தால் அவர் விட மாட்டார்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டேஷனை நவீனமாக்கப் போகிறோம் என்று வந்தார்கள். ஒரு இன்ஜினியர், அவரோடு டேப் பிடிக்க இரண்டு பேர். எங்கே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியர் அந்தக் கதவுக்கு முன் வந்து நின்றார். எழுத்தைப் படித்தார். அக்காவைக் கூப்பிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சாமான் சார்" என்றார் அக்கா.

வருஷக்கணக்காகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில் அது. யோசித்துச் சொல்லவில்லை. பெயிண்டரை வைத்து எழுத்தை மாற்றியது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்திருக்கும். திறந்து காட்டு என்று அவர் கேட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். அவர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து, தப்பித்தோம் என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன்.

வேலை ஆரம்பித்த அன்று பூட்டை உடைத்து உள்ளே சிமெண்டு மூட்டையை அடுக்கினார்கள். ஸ்டோர் ரூம்தானே. பேஸினை மூடி அதன்மேல் பலகை போட்டார்கள். டிரம் வெளியே கிடந்தது. ஜல்லி கலக்கத் தண்ணீர் பிடிக்க நல்லதாகப் போயிற்று என்று எடுத்துக்கொண்டார்கள். அக்கா ஓடிப்போய் இன்ஜினியரிடம் சொன்னார். நானும் கூடப் போனேன். இது கக்கூஸ் சார், பொம்பளைங்க கக்கூஸ் என்றார். அவர் கெட்டவரில்லை. சிரித்தபடிதான் சொன்னார், நீதானேம்மா சாமான்னு சொன்ன, பிளானிலேயே ஸ்டோர்னு போட்டாச்சு, புதுசா டைல்ஸ் எல்லாம் போட்டுத் தனியாக் கட்டப் போறோம், கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.

கொஞ்ச நாள் என்றால் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு, சர்க்கரைக்காரிக்கு ஒரு கணக்கு.

அக்காவுக்கு அதோடு வேலையும் நின்றது. வேலை முடிகிறவரை பெருக்க ஆள் வேண்டாம், பிறகு வேறு கம்பெனி வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் காலையில் வருவார். விளக்குமாறு இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் பக்கத்தில் வந்து உட்காருவார். கழுத்தில் அந்தச் சாவி அப்படியே இருக்கும். பூட்டு உடைந்த சாவியை எதற்கு மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றும், கேட்கவில்லை.

நான் தண்ணீர் குடிப்பதை விட்டேன். எழுந்ததும் ஒரு வாய் காபி, பிறகு சிதம்பரம் லேப் போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மாத்திரையைக்கூட எச்சிலோடு விழுங்கினேன். ஒரு மாதத்தில் நீர்க்கடுப்பு வந்தது. எங்கள் லேபிலேயே என் பாட்டிலில் என் பேரை எழுதி நானே லேபிள் ஒட்டினேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் கிட்னியில் கொண்டுபோய் விடும், ஒன்று தண்ணீரைக் குடி, இல்லையென்றால் வேலையை விடு என்றார். எதை விடுவது என்று யோசித்தபடி ரயிலில் வந்தேன். பரங்கிப்பேட்டை தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தூசியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே, வாய்க்கால் ஓரத்து வரிசையில் இருந்தது.

"ஒங்க வூட்டுக்காவது கூட்டிக்கினு போங்கக்கா. காலைல ஒரு தரம் வந்துட்டுப் போறேன்."

அக்கா சாவியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுல ஏது பாப்பா? இந்த பாத போட்டப்ப ஜல்லி தூக்க வந்தவ நானு. அப்பலேருந்து அந்த வாய்க்கா ஓரந்தான். மொத வண்டி வர்றதுக்கு முன்னாடி நான் வந்து தொறந்து போயிட்டு, கழுவி வுட்டுட்டு, அப்புறந்தான் ஒங்கள வுடுவேன். அதுதான் எங்க வூட்டு கக்கூஸு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த ஆணியை அவர் எங்களுக்காக அடித்திருக்க மாட்டார். தன் வீட்டில் ஒருத்தி எப்படி அடிப்பாளோ அப்படி அடித்திருக்கிறார். எங்களை ஏதோ வீட்டுக்கு வந்த விருந்தாளியை விடுவதுபோல, பிடித்தவளை விட்டு, பிடிக்காதவளை வாசலோடு அனுப்பியிருக்கிறார்.

"என் வாயாலயே சாமானுன்னு சொன்னேன் பாரு" என்றார். மாதா வில்லையைத் தொட்டு வாயில் ஒற்றிக்கொண்டார். "வாய்க்கு என்னா கொள்ள."

அந்த வருஷம் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்குத் தெம்பில்லை. எல்லோருக்கும் போவதுபோல் போயிற்று. பாதி நாள் பஸ், பாதி நாள் லீவு. லேபில் என் நாற்காலிக்கு வேறு பெண்ணைப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு ஸ்டேஷனைத் திறந்தார்கள். வாசலில் கோயில் கோபுரம் மாதிரி ஒரு வளைவு. ராத்திரியில் கலர் கலராக எரிகிற விளக்கு. உட்கார ஸ்டீல் நாற்காலி, வண்டி வருவதைச் சொல்கிற குரல், படமெடுத்துக்கொள்ள ஊர்ப்பேர் போட்ட பெரிய எழுத்து. பிளாட்பாரக் கோடியில் புதுக் கழிப்பறை. பளபளவென்று டைல்ஸ். கதவுகளில் பாவாடைப் பொம்மை, பேண்ட் பொம்மை. திறப்பு விழா அன்று நானும் அக்காவும் உள்ளே போய்ப் பார்த்தோம். அக்கா குழாயைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் வந்தது. கதவுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு, ஆணி அடிக்கல என்றார்.

திறந்தே விட்டிருந்தார்கள். குழாய் போயிற்று. தாழ்ப்பாள் போயிற்று. நாற்றம் ஸ்டீல் நாற்காலிவரை வந்தது. புதுக் கம்பெனியின் ஆள்கள் கழுவிப் பார்த்து அலுத்துப்போய், குழாயை மாற்றி, பூட்டைப் போட்டார்கள். டிக்கெட் கவுண்டரில் சாவி உள்ளது, கேட்டுப் பெறவும் என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள்.

கவுண்டரில் இருந்தவர் சின்ன வயதுக்காரர். கண்ணாடிக்குப் பின்னால் மைக்கில் பேசுவார். நாம் முணுமுணுத்தால் அவருக்குக் கேட்காது, அவர் திருப்பிக் கேட்டால் வரிசைக்கே கேட்கும். ஒருதரம் நான் வரிசையில் நின்றேன். முன்னால் நாலு ஆம்பளை, பின்னால் நாலு ஆம்பளை. என் முறை வந்ததும் "சாவி" என்றேன். "எந்த ஊருக்கு?" என்று மைக் கேட்டது. சிதம்பரம் என்று சொல்லி, சீசன் டிக்கெட் கையில் இருக்கும்போதே ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். எங்களில் ஒருத்திகூட அந்தச் சாவியைக் கேட்டு வாங்கியதில்லை. டைல்ஸ் போட்ட கழிப்பறை பூட்டியபடி பளபளத்தது. மீன்காரம்மா வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் அக்கா வந்தார். சில நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் கேட்டார், புது எடத்துக்குப் போறியா இல்லியா என்று. நான் பூட்டைக் காட்டினேன். காகிதத்தைப் படித்துச் சொன்னேன். எழுந்து நேரே கவுண்டருக்குப் போனார். வரிசை இருந்தது. வரிசையில் நின்றார். முழங்காலுக்கு மேல் செருகிய சேலை, ஆம்பளைச் சட்டை, கையில் காசு இல்லை. அவர் முறை வந்தது.

"எந்த ஊருக்கு?" என்றது மைக்.

"ஊருக்கு இல்ல. கக்கூஸ் சாவி குடு."

வரிசை அசங்கியது. யாருக்கும்மா என்று மைக் கேட்டது. அப்படிக் கேட்கச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. கண்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாதல்லவா.

அக்கா திரும்பினார். பிளாட்பாரம் முழுக்கக் கண்ணை ஓட்டினார். நான் கடைசி நாற்காலியில், காலைப் பின்னிக்கொண்டு, பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம்கா, வேண்டாம்கா என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"பாப்பா, ஒண்ணா, ரெண்டா?"

அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட்டுக்கு நின்ற ஆம்பளைகள், பெரிய எழுத்துக்கு முன்னால் படமெடுத்துக்கொண்டிருந்த பையன்கள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், எல்லோரும். வழக்கம்போல எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேகமாக அவர் பக்கம் நடக்கத்தான் கால் எழுந்தது. ஆனால் அக்கா அங்கேயே நின்றார். இடுப்பில் கை. நான் வாயால் சொல்லாமல் அந்தச் சாவி கண்ணாடியைத் தாண்டி வராது என்று எனக்குப் புரிந்தது. எனக்கு மிகவும் அலுப்பாக இருந்தது. அவ்வளவு வருஷமாக எதை அடக்கினேன், எதற்கு அடக்கினேன் என்று தெரியாத ஒரு அலுப்பு.

"ஒண்ணுதாங்க்கா" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது.

கண்ணாடிக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாகச் சாவி வெளியே வந்தது. கொடுத்தவர் தலையை நிமிர்த்தவில்லை. அக்கா அதை வாங்கிக் கழுத்துக் கயிற்றில், பழைய சாவிக்கும் மாதாவுக்கும் பக்கத்தில் கோத்துக்கொண்டார். நான் எழுந்து நடந்தேன். என் பின்னால் ஸ்டீல் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பேங்க் அம்மாவும் எழுந்துவிட்டிருந்தார். அக்கா கோடிக்குப் போய்ப் பூட்டில் கை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, வேப்பமரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ மீன்காரம்மா, அங்க எங்க எறங்குற? கூடைய அங்கயே வச்சிட்டு வா."

பிறகு கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய் நுழையப் போனேன். கையை நீட்டி மறித்தார்.

"இரு, தண்ணி ஊத்திட்டு வரேன்."

அவர் ஊற்றித் தேய்த்து முடிப்பதற்குள் எங்கள் வண்டி வந்து, நின்று, போயே போய்விட்டது. எங்களில் ஒருத்திகூட ஏறவில்லை.